92 விநாடிக்கு ஒரு தளும்பல்: டிக்சன் ஃபியோர்டு, செப்டம்பர் 2023

நிலநடுக்கப் பதிவைப் பார்த்துப் பழகியவர்கள் ஒரு நொடியில் இனம் கண்டுவிடுவார்கள். முதலில் பி அலை, அடுத்து எஸ் அலை, பிறகு மேற்பரப்பு அலைகள் என்று வரிசையாக வரும். வேகமான நடுக்கமும் மெதுவான ஆட்டமும் கலந்த கிறுக்கல் அது. பெரிய நிலநடுக்கமாக இருந்தாலும் சில மணி நேரத்தில் கோடு மெல்லத் தணிந்துவிடும்.

2023 செப்டம்பர் 16 அன்று உலக நேரப்படி பகல் 12:35 மணிக்குப் பிறகு பதிவானது அப்படி இல்லை. கோடு நிதானமாக மேலே போய் நிதானமாகக் கீழே இறங்கியது. ஒரு சுற்றுக்கு 92 விநாடி. அடுத்த சுற்றுக்கும் 92 விநாடி. அதிர்வெண் கணக்கில் 10.88 மில்லிஹெர்ட்ஸ். அதைத் தவிர வேறு அதிர்வெண் எதுவும் அதில் கலந்திருக்கவில்லை. தம்பூராவில் ஒரே ஒரு தந்தியை மீட்டிவிட்டு மற்ற மூன்றையும் கையால் பொத்திக்கொண்டதுபோல ஒற்றை ஸ்வரம். வட துருவப் பகுதியில் கிளம்பிய அந்த ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அண்டார்க்டிகா வரை எட்டியது. எட்டியதோடு நிற்கவும் இல்லை, ஒன்பது நாள் நீடித்தது. ஒன்பது நாளில் எத்தனை 92 விநாடி என்று வகுத்துப் பாருங்கள், எட்டாயிரத்து நானூறுக்கும் மேல் வரும். அத்தனை முறை பூமியின் மேற்பரப்பு, மனிதக் கால் உணர முடியாத அளவுக்கு, ஏறி இறங்கியிருக்கிறது.

இதை முதலில் கவனித்த ஆய்வாளர்கள் 'அடையாளம் தெரியாத அதிர்வுப் பொருள்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பொருத்தம்தான். இவ்வளவு நீளமான, இவ்வளவு தூய்மையான ஒற்றை அலையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

இதற்குச் சற்று நெருங்கிய ஒன்று உண்டு. 2018 நவம்பர் 11 அன்று இந்தியப் பெருங்கடலில் மயோட் தீவருகே கிளம்பிய ஒரு ரீங்காரம் இருபது நிமிடத்துக்கும் மேல் உலகெங்கும் பதிவானது. கடலடியில் ஒரு புதிய எரிமலை உருவாகிக்கொண்டிருந்ததுதான் அதற்குக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஒரே அதிர்வெண்ணில் நீளும் ஆட்டம் என்றாலே பாறைக்குழம்பு நிறைந்த அறை எங்கோ அதிர்கிறது என்று எரிமலையாளர்களின் மனம் முதலில் போவது அதனால்தான். ஆனால் அலைகளைப் பின்னோக்கித் தொடர்ந்து போனால் கிழக்கு கிரீன்லாந்து வந்தது. அங்கே கொதிக்கும் எரிமலை எதுவும் இல்லை.

அதே நாட்களில், அதிர்வுமானிகளோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வேறொரு செய்தி வந்துகொண்டிருந்தது. வடகிழக்கு கிரீன்லாந்து தேசியப் பூங்கா உலகத்திலேயே பெரிய தேசியப் பூங்கா. நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊர் அதற்குள் ஒன்றும் இல்லை. நாய் பூட்டிய சறுக்குவண்டியில் அந்தப் பரப்பைச் சுற்றிவரும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் ரோந்துப் படைக்கு எல்லா என்ற தீவில் ஒரு நிலையம் உண்டு. அந்த நிலையத்தின் கரையை அலை அடித்துச் சூறையாடியிருந்தது. பொருட்கள் சிதறிக் கிடந்தன. நல்ல வேளையாக அப்போது அங்கே ஆள் இல்லை. அந்தத் தீவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் உள்ளே, டிக்சன் ஃபியோர்டு என்ற, மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் குறுகிய கடல்நீர்ப் பகுதியில் சுனாமி ஏற்பட்டதாக டென்மார்க் தரப்புக்குத் தகவல் எட்டியது. சில நாட்களில் டென்மார்க் ராணுவக் கப்பல் உள்ளே போய்ப் படமெடுத்தது. மலையின் ஒரு பக்கம் புதிதாகப் பிளந்து வெளிறிக் கிடந்தது. எதிர்க்கரையில் வெகு உயரம் வரை அலை ஏறிக் கழுவிய தடம் இருந்தது.

ஒரு பக்கம் காரணம் தெரியாத அதிர்வு, இன்னொரு பக்கம் யாரும் நேரில் பார்க்காத சுனாமி. இரண்டுக்கும் நாள் ஒன்று, திசை ஒன்று. இரண்டும் ஒரே நிகழ்வுதான் என்று உறுதியாகச் சொல்ல 15 நாடுகளின் 40 நிறுவனங்களைச் சேர்ந்த 68 பேர் ஏறத்தாழ ஒரு வருடம் உழைத்தார்கள். டென்மார்க் மற்றும் கிரீன்லாந்தின் நிலவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த கிறிஸ்தியான் ஸ்வென்னவிக் தலைமையிலான அந்தக் கட்டுரை 2024 செப்டம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே ஜெர்மனியின் ஆய்வாளர்கள் அடங்கிய தனிக் குழு ஒன்றும் இதே முடிவுக்கு வந்து வெளியிட்டிருந்தது. தளும்பலின் உயரம் எவ்வளவு என்பதில் இரு குழுக்களின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. எது நடந்தது என்பதில் ஒத்துப்போயின. தனித்தனி வழியில் வந்த இரண்டு குழுக்கள் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த முடிவின் மீது எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

விழுந்தது எது

ஹ்விடே ஸ்டோவ்ஹோர்ன் என்ற அந்த மலை ஃபியோர்டின் கரையிலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து நின்றது. அதன் சரிவிலிருந்து பெயர்ந்த பாறை, கீழே ஓடும் ஒரு சிறிய பனியாற்றின் மீது விழுந்து, அதன் பனியையும் வாரிக்கொண்டு நீருக்குள் பாய்ந்தது. பாறையும் பனியும் சேர்ந்து 2.5 கோடி கன மீட்டர். அணைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு டி.எம்.சியில் சொன்னால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. அது தண்ணீராக இருந்தாலே பெரிது, இது பாறை.

ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு நிலவியல் தரும் பதில் ஒரு கொத்தனாருக்கும் விளங்கும். சாய்ந்த சுவருக்கு மரம் வைத்து முட்டுக்கொடுப்பார்கள். அந்த மரத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினால் ஒரு நாள் சுவர் வரும். பனியாறு தன் பள்ளத்தாக்கின் இருபுறச் சரிவுகளையும் அடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். டிக்சனில் மலையடிவாரத்தை அப்படித் தாங்கிய பனியாறு, வெப்பம் கூடிவந்த சில பத்தாண்டுகளில் பல பத்து மீட்டர் மெலிந்துபோயிருந்தது. பாறையில் விரிசல்கள் முன்பே இருந்தன. பிடி தளர்ந்ததும் அவை திறந்துகொண்டன. மழையோ நிலநடுக்கமோ வந்து தள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

விழுந்த வேகத்தில் நீர் எதிர்க்கரையில் 200 மீட்டர் உயரம் வரை பாய்ந்தது. 2004-இல் இந்தியப் பெருங்கடலில் வந்த சுனாமியோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே கடலடித் தரை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு எழும்பி, கடலை முழு ஆழத்துக்கும் தூக்கியது. அலை கடலைக் கடந்து போய் வெகுதூரத்துக் கரைகளிலும் உயிர் பறித்தது. நிலச்சரிவுச் சுனாமி வேறு ஜாதி. பிறந்த இடத்தில் நினைத்துப் பார்க்க முடியாத உயரம் இருக்கும், கொஞ்ச தூரம் போனதும் வேகமாகச் சுருங்கிவிடும். 1958-இல் அலாஸ்காவின் லிதுயா விரிகுடாவில் இப்படி விழுந்த பாறை எதிர்ச் சரிவில் 524 மீட்டர் வரை நீரை ஏற்றி மரங்களை வழித்தெடுத்தது. டிக்சனின் அலையும் ரோந்து நிலையம் இருக்கும் 'எல்லா' தீவை அடைந்தபோது சுமார் 4 மீட்டராகக் குறைந்திருந்தது.

அதிர்வை ஒன்பது நாள் நடத்தியது இந்த 200 மீட்டர் அலை இல்லை. அது சில நிமிடங்களில் முடிந்துபோன கதை. அதற்குப் பின்னால் மிஞ்சிய, பார்க்கச் சாதாரணமான ஓர் அசைவுதான் உலகத்தை ஆட்டியது.

தொட்டியும் ஃபியோர்டும்

'சயின்ஸ்' கட்டுரையைப் படித்த வாரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சிமெண்ட் தொட்டியில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். அகலம் 1.2 மீட்டர், அன்றைக்கு அதில் 40 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது. ஒரு பலகையை ஓரத்தில் அமுக்கி எடுத்தேன். முதலில் குழப்பம்: நாலாபுறமும் சிற்றலைகள், மேலே தெறிப்பு, எதுவும் எண்ணிக்கைக்குப் பிடிபடவில்லை. பத்து விநாடி கழித்துச் சிற்றலைகள் செத்து ஒரே ஒரு அசைவு மட்டும் நின்றது. இந்த ஓரம் ஏறும்போது அந்த ஓரம் இறங்கியது. நடுவில் மிதந்த வேப்பிலை மேலும் கீழும் போகாமல் பக்கவாட்டில் மட்டும் போய்வந்தது. பத்துத் தளும்பலுக்குப் பதினான்கு விநாடி. மறுபடி பலகையை மெதுவாக அமுக்கினேன், பிறகு பலமாக அமுக்கினேன். உயரம் மாறியது, நேரம் மாறவில்லை.

இந்தத் தளும்பலுக்கு அறிவியலில் 'சேய்ஷ்' என்று பெயர். ஜெனீவா ஏரியில் கரைவாசிகள் புழங்கிய சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆய்வு செய்த ஃபொரேல் அதை உலகத்துக்குக் கொண்டுவந்தார். நமக்குத் தளும்பல் என்ற சொல்லே போதும். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிப் பழகிய நாவுக்கு இதைவிடச் சரியான சொல் கிடைக்காது.

ஒரு பாத்திரத்தின் தளும்பல் நேரத்தை அதன் அகலமும் ஆழமும் தீர்மானிக்கின்றன. நீளமான அலை ஆழம் குறைந்த நீரில் போகும் வேகத்தைக் கண்டுபிடிக்கப் புவியீர்ப்பு முடுக்கத்தை ஆழத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டிக்சன் ஃபியோர்டு அந்த இடத்தில் ஏறக்குறைய 2.7 கிலோமீட்டர் அகலம், 540 மீட்டர் ஆழம். வேகம் விநாடிக்கு 73 மீட்டர் வரும். அலை ஒரு முறை அக்கரை போய் இக்கரை திரும்ப 5.4 கிலோமீட்டர், அதாவது 74 விநாடி. 92 வரவில்லையே என்று தோன்றும். ஃபியோர்டு என் தொட்டிபோல நேர்ச்சுவரும் தட்டைத் தரையும் கொண்ட பெட்டி இல்லை என்பதுதான் காரணம். ஓரங்களில் ஆழம் குறைகிறது, அங்கே அலை மெதுவாகிறது, நேரம் கூடுகிறது. கரைகளின் சரிவையும் அடித்தரையின் மேடுபள்ளத்தையும் உள்ளபடி கணினிக்குக் கொடுத்து ஆய்வாளர்கள் நிகழ்த்திப் பார்த்தபோது 11.45 மில்லிஹெர்ட்ஸ் வந்தது, அதாவது 87 விநாடி. பதிவான 92-க்கு வெகு அருகில். அலை தணியும் வேகமும் பதிவோடு ஒத்துப்போனது. அந்த மாதிரியில், முதல் கொந்தளிப்பு அடங்கிய பிறகு நிலைத்த தளும்பலின் உயரம் 7 மீட்டர்.

என்னை அசரவைத்த எண் இதற்கு அடுத்து வருகிறது. இத்தனை நீர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சாயும்போது ஃபியோர்டின் சுவரைத் தள்ளும் விசை, உச்சத்தில் 50 ஆயிரம் கோடி நியூட்டன் என்று கணக்கில் வந்தது. பூமியின் மேற்பரப்பில் ஐந்து கோடி டன் எடை அழுத்தும் விசைக்கு அது சமம். அதை 92 விநாடிக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிப் பூமியின் மீது சாத்தினால் அண்டார்க்டிகாவில் இருக்கும் கருவிக்குத் தெரியாமல் போகாது.

விசை ஃபியோர்டுக்குக் குறுக்காகத்தான் வேலை செய்தது என்பதற்கு அதிர்வுப் பதிவுகளே சாட்சி சொல்லின. கிடைமட்டமாக ஒரு திசையில் தள்ளும் விசை எல்லாத் திசையிலும் ஒரேமாதிரி அலையை அனுப்பாது. தள்ளும் திசையில், நிலத்தை மேலும் கீழும் உருட்டும் ராலே அலைகள் ஓங்கியிருக்கும், அதற்குச் செங்குத்தான திசையில், நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும் லவ் அலைகள் ஓங்கியிருக்கும். உலகின் எந்தெந்தத் திசையில் எந்த அலை பலமாக வந்தது என்று வரைந்து பார்த்தால், அந்த வரைபடம் ஃபியோர்டின் கிடப்போடு பொருந்தி உட்கார்ந்தது. இந்த ஆய்வில் மிகவும் பலமான ஆதாரம் இதுவே என்பது என் எண்ணம். 92 விநாடி தற்செயலாக ஒத்துப்போகலாம், திசைகளும் சேர்ந்து ஒத்துப்போவது தற்செயலாக இருக்க முடியாது.

அப்படியானால் என் தொட்டி ஓரிரு நிமிடத்தில் அடங்கியபோது ஃபியோர்டு ஏன் ஒன்பது நாள் ஆடியது? சிறிய பாத்திரத்தில் சுவரோடு உரசும் நீரின் பங்கு அதிகம். பெரிய பாத்திரத்தில் அது அற்பம். ஆனால் வெறும் அளவு மட்டும் காரணம் இல்லை. டிக்சன் ஃபியோர்டு திறந்த கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மேற்கு முனையில் பனியாறு வழியை அடைக்கிறது. கிழக்கே ஃபியோர்டு கூர்மையாகத் திரும்புகிறது. குறுக்காக ஆடும் நீரின் ஆற்றல் இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வாய் திறந்த ஃபியோர்டில் இதே மலை விழுந்திருந்தால் ஆற்றல் கடலுக்கு ஓடியிருக்கும், நாமும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

நேரில் பார்த்த கண்

2024 வரை இதெல்லாம் அனுமானமும் கணினி மாதிரியும்தான். தளும்பும் நீரை யாரும் அளக்கவில்லை. மலை விழுந்து மூன்றாவது நாளே ராணுவக் கப்பல் ஃபியோர்டுக்குள் போயிருந்தும் நீர் ஆடுவது அவர்கள் கண்ணில் படவில்லை. அதற்குள் அசைவு சென்டிமீட்டர் கணக்குக்கு இறங்கியிருந்தது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை சில சென்டிமீட்டர் ஏறி இறங்கும் நீர்மட்டத்தைக் கப்பலின் மேல்தளத்தில் நிற்பவர் உணர வழியில்லை.

2025 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த தாமஸ் மொனகனும் உடன் ஆய்வாளர்களும் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை இந்தக் குறையைத் தீர்த்தது. நாசாவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வாட் செயற்கைக்கோள் அவர்களுக்குக் கைகொடுத்தது. பழைய உயரமானிச் செயற்கைக்கோள்கள் தமக்கு நேர் கீழே உள்ள ஒற்றைக் கோட்டில் மட்டுமே நீர்மட்டத்தை அளக்கும். மூன்று கிலோமீட்டர்கூட அகலமில்லாத ஃபியோர்டில் அதற்கு வேலையில்லை. ஸ்வாட்டில் 10 மீட்டர் நீளத் தண்டின் இரு நுனியிலும் இரண்டு ஆண்டெனாக்கள் இருக்கின்றன. ஒரே இடத்திலிருந்து திரும்பும் ரேடார் அலையை இரண்டும் வாங்கி, வித்தியாசத்தைக் கொண்டு, அகலமான பரப்பின் நீர்மட்டத்தை வரைபடமாகவே தருகின்றன.

அந்த வரைபடங்களில் ஃபியோர்டின் நீர் சாய்ந்து நின்றது. ஒரு கரைக்கும் மறுகரைக்கும் இரண்டு மீட்டர் வரை உயர வித்தியாசம். ஒரு முறை செயற்கைக்கோள் கடந்தபோது ஒரு பக்கம் உயர்ந்திருந்தது, வேறொரு முறை மறுபக்கம். ஆடும் ஊஞ்சலை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகைப்படம் எடுத்ததுபோலத்தான் இது. இடைவெளியில் என்ன நடந்தது என்று படங்கள் சொல்லாது. அந்த இடைவெளியை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அதிர்வுமானிகளின் பதிவைக் கொண்டு நிரப்பினார்கள். காற்றா, ஓதமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தள்ளினார்கள். தொடக்க உயரம் 7.9 மீட்டர் என்று கணக்கு வந்தது. மாதிரி சொன்ன 7-க்கு அருகில்தான்.

இன்னொரு செய்தி, இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. 2023 அக்டோபர் 11 அன்று அதே மலைப்பகுதியிலிருந்து மறுபடியும் சரிவு. முன்னதைவிடச் சிறியது. மறுபடியும் அதிர்வுமானிகளில் அதே 10.88 மில்லிஹெர்ட்ஸ், இந்த முறை ஒரு வாரம். விழுந்த பாறை வேறு, விழுந்த அளவு வேறு, ஸ்வரம் மட்டும் அதுவேதான். நான் பலகையை மெதுவாக அமுக்கினாலும் பலமாக அமுக்கினாலும் தொட்டி பத்துக்குப் பதினான்கு விநாடியிலேயே நின்றதுபோல.

எனவே பனியாறு மெலிந்து, சரிவு தளர்ந்து நிற்கும் ஃபியோர்டுகள் ஒவ்வொன்றுக்கும் தளும்பல் நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அடித்தரையின் அளவு தெரிந்தால் போதும். அடுத்த முறை அதிர்வுமானியில் ஒற்றை ஸ்வரம் கேட்டால், எந்த ஃபியோர்டு என்று தேட ஒரு வருடம் ஆகாது. வழக்கமான நிலநடுக்கக் கண்காணிப்பு சட்டென்று எழும் அதிர்வுகளைத் தேடுவதற்காக அமைந்தது. இப்படி மெதுவாக ஊர்ந்து வரும் அலை அந்த வலையில் விழாமல் நழுவிவிடும். பழைய பதிவுகளிலும் சில இப்படிப் படிக்கப்படாமல் கிடக்கக்கூடும்.

தளும்பலைக் கேட்டு யாரையும் காப்பாற்ற முடியாது, அது அலைக்குப் பின்னால் வருவது. ஆனால் சரிவு விழும்போதே கிளம்பும் வேகமான அதிர்வு, 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு கருவியைச் சில பத்து விநாடிகளில் எட்டிவிடும். சுனாமியோ, வழி முழுக்க டிக்சனின் ஆழமே என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்தைக் கடக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கால் மணி நேரம் என்பது கரையில் நிற்பவர் மேட்டுக்கு ஏறப் போதுமான நேரம். 2017 ஜூனில் மேற்கு கிரீன்லாந்தின் கர்ராட் ஃபியோர்டில் மலை சரிந்தபோது நுகாட்சியாக் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில் வீடுகளோடு நான்கு பேரை அலை கொண்டுபோனது.

டிக்சன் பக்கம் கிராமங்கள் இல்லை, ஆனால் கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் போகின்றன. 2023 செப்டம்பர் 11 அன்று அப்படிப்பட்ட ஒரு கப்பல், 206 பேரோடு, அதே ஃபியோர்டுத் தொகுதியைச் சேர்ந்த ஆல்ப்ஃபியோர்டில் தரைதட்டி நின்றது. மூன்று நாள் அசைக்க முடியவில்லை. ஒரு மீன்வள ஆய்வுக் கப்பல் வந்து 14-ஆம் தேதி அதை இழுத்து மீட்டது. மலை விழுந்தது 16-ஆம் தேதி.